ஒரு சுற்று கேட்டவள்

"டீச்சர், சைக்கிளை ஒருக்கா ஓடிப் பாக்கட்டா?"

கேட்டவளின் தோளில் துவக்கு தொங்கியது. குரல் மட்டும் மாறவில்லை. பத்தாம் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்துகொண்டு, "டீச்சர், தண்ணி குடிச்சிற்று வரட்டா?" என்று கேட்கிற அதே குரல்.

தாந்தாமலைக்குப் போகும் கிரவல் ரோட்டில், ஒரு மருதமர நிழலில் நானும் என் கணவர் நவமும் சைக்கிள்களைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தோம். சித்திரை மாத வெயில். ரோட்டுக்குக் குறுக்கே இரண்டு தார் பீப்பாக்களின் மேல் ஒரு கம்பு. பக்கத்தில் கிடுகு வேய்ந்த சின்னக் காவல் கொட்டில். காவலுக்கு நின்றவர்கள் இயக்கப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி நெட்டையானவள், எனக்குத் தெரியாதவள். மற்றவள் சுகந்தி.

சுகந்திக்கு நான் விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறேன். வாவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் தோணியேறி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தவள். ஒரு தவணை தொடங்கியபோது அவள் வரவில்லை. வரவு கூப்பிடும்போது அவள் பெயருக்குப் பதில் இல்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை. அந்த நாட்களில் அப்படித்தான்.

நெட்டையானவளிடம் துவக்கைக் கொடுத்தாள் சுகந்தி. மடித்துக் கட்டியிருந்த பின்னலை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். என் சைக்கிளை வாங்கி, இருக்கையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு ஏறினாள். முதலில் கைபிடி ஆடியது. பிறகு நேராகிவிட்டது. நாங்கள் வந்த பக்கமாகவே மிதித்துப் போனாள். மணியை இரண்டு தரம் அடித்தாள். கஜு மரங்கள் நெருங்கி நின்ற வளைவில் அவளுடைய முதுகு மறைந்தது.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நவமும் சிரித்தார். நெட்டையானவளும் சிரித்தாள். மூன்று பேர் முகத்திலும் அந்தச் சிரிப்பு வற்றிப்போகக் கொஞ்ச நேரம் எடுத்தது.

படத்தில் போன இருவர்

நாங்கள் அங்கே எப்படி வந்தோம் என்பதைச் சொல்லவேண்டும். அன்று யாரும் அதை நம்பவில்லை. வாசிக்கிற நீங்கள் நம்புவீர்களோ தெரியாது. நாங்கள் உலாத்தப் போனோம். அவ்வளவுதான்.

கலியாணத்துக்கு முன் நவம் சில காலம் கொழும்பில் வேலை செய்தவர். அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டி வைத்திருந்தார். ஒரு ஆணும் பெண்ணும் முந்திரிகை, அதாவது திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் போகிறார்கள். கொடிகள் வரிசை வரிசையாக. பின்னால் நீலமாகக் குன்றுகள். பெண்ணின் சைக்கிள் கூடையில் ஒரு நீட்டு ரொட்டி, எங்கள் பேச்சில் பாண்.

கலியாணமான புதிதில் அந்தப் படத்தை எனக்குக் காட்டினார்.

"இவங்க எங்க போறாங்க?" என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல. சும்மா போறாங்க."

"மறுகா எப்ப வீட்ட வருவாங்க?"

"நினைச்ச நேரம்."

"தேடமாட்டாங்களா?"

நவம் என்னைப் பார்த்தார். "ஆர் தேடுற?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேடுவார்களே! விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒருவர் வீடு திரும்பாவிட்டால் அம்மா வாசல் படலையில் நிற்பாள், அடுத்த வீட்டார் வருவார்கள், எந்தக் காவலரணில் விசாரிப்பது என்று பேச்சுத் தொடங்கிவிடும். நான் வளர்ந்தது அப்படி.

"எங்களிட்ட முந்திரிகைத் தோட்டம் எங்க இரிக்கு?" என்றேன்.

"மரமுந்திரிகை இரிக்கே. படுவான்கரைக்குப் போனா கஜுத் தோட்டம், வட்டை, மலை எல்லாம் இரிக்கு. பாணுக்கு மட்டும் கடையில சொல்லுவம்."

வட்டை என்பது எங்கள் பக்கத்தில் பரந்த வயல்வெளி. படுவான்கரை, வாவிக்கு மேற்கே சூரியன் படுகிற கரை. நாங்கள் இருந்தது எழுவான்கரை. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் மட்டுமா இருந்தது? இந்தக் கரையில் ஆமி, அந்தக் கரையில் இயக்கம். பத்து வருஷத்துக்கு மேலாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. சண்டை நிறுத்தம் வந்து, பாதைகள் திறந்து, சனம் போய்வரத் தொடங்கியிருந்த வேளை அது.

சொல்லக்கூடாத சொல்

இடையில் இன்னொன்று. 'சும்மா' என்ற சொல்லை எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் கவனமாகத்தான் பாவித்தோம்.

காவலரணில் கேட்பது இரண்டே கேள்விகள். எங்கிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்? இரண்டாவதற்கு ஆஸ்பத்திரி என்று சொல்லலாம். பள்ளிக்கூடம், செத்தவீடு, அரசாங்க அலுவலுக்குக் கச்சேரி என்று சொல்லலாம். எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒருவர், கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனவர், "சும்மா" என்று சொல்லிவிட்டார். அவர் வீடு வந்து சேர வெகுநாள் ஆனது. அதன் பிறகு அவர் அந்தச் சொல்லை விட்டேவிட்டார். முற்றத்தில் கதிரை போட்டு இருக்கும்போது யாராவது "என்ன செய்றீங்க?" என்று கேட்டால், "இரிக்கன்" என்பார்.

சைக்கிள் மட்டும் எங்களோடு எல்லாக் காலமும் இருந்தது. நெல் மூட்டை, மண்ணெண்ணெய், பிரசவ வலி கண்ட பெண், ஒருமுறை என் கண்ணால் கண்டேன், ஒரு பிரேதப் பெட்டி, எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. காவலரண் தெரிந்ததும் இறங்கி, இரண்டு கையும் கைபிடியில் தெரிய உருட்டிப் போகவேண்டும். இறங்கத் தேவையில்லை என்று சொன்ன பிறகும் என் கால்கள் அந்த இடம் வந்ததும் தாமாகவே இறங்கின.

அப்படிப்பட்ட என்னை நவம் உலாத்தக் கூட்டிப் போனார்.

அந்தக் கரை

குருமண்வெளித் துறையில் பாதையில் ஏறினோம். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி அக்கரைக்குப் போகிற பலகை மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். காலை வெயிலில் தண்ணீர் தகரம்போல் மின்னியது. பச்சை இறால் மணம். கூடையோடு பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்க கா போறிங்க? செத்தவீடா?"

"இல்லக்கா."

"கோயிலுக்கா?"

"இல்ல."

"மறுகா?"

நவம் உற்சாகமாகச் சொன்னார்: "சும்மா, மலையெல்லாம் சுத்திப் பாக்க."

அந்தப் பெண் தன் கூடையைக் காலால் இழுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். அக்கரை வரும்வரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று வெல்லாவெளியில் நவத்தின் மச்சான் வீட்டில் தங்கினோம். அடுத்த நாள் காலையில் மலைப்பக்கம் புறப்பட்டோம். வெட்டு முடிந்த வட்டை கண்ணுக்கெட்டிய தூரம் அடித்தாளாகக் கிடந்தது. எங்கோ வைக்கோல் எரிந்த மணம். வாய்க்காலில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக் கிடந்தன. நவம் கஜுப்பழம் பறித்து உறிஞ்சினார். சாறு சட்டையில் வடிந்தது. கறை போகாது என்று நான் சொல்ல, "போகாட்டிப் போகட்டும்" என்றார். இறக்கத்தில் கால்களை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைபோல மணியடித்தபடி போனார்.

எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் நான் பார்த்ததெல்லாம் பாதிப் பார்வை. மீதியால் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். உழவு மெசின் சத்தம் கேட்டால் ஓரம் கட்டினேன். ரோட்டில் புதிதாக மண் மூடிய பள்ளம் தெரிந்தால் அதைச் சுற்றிப் போனேன். "இஞ்சப் பாருங்க, கிறுகிப் போவமா?" என்று நான் கேட்டதற்கெல்லாம் நவம், "மலை தெரியுது பாருங்க" என்றார். கிறுகுவதென்றால் எங்கள் பேச்சில் திரும்புவது.

மலை தெரியத்தான் செய்தது. காடு கட்டிய கறுத்த கற்பாறை. அதற்குள் கம்பு குறுக்கே வந்துவிட்டது. கம்புக்குப் பின்னால் சுகந்தி.

வளைவைப் பார்த்தபடி

ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? வளைவு வரை போய்த் திரும்ப, ஒரு பாட்டுப் படிக்கும் நேரம் போதும்.

"இன்னும் கொஞ்சம் ஓடிற்று வருவாள்" என்றார் நவம்.

மரநிழல் எங்கள் காலடியிலிருந்து நகர்ந்து வெகுதூரம் போய்விட்டது. நெட்டையானவள் ரோட்டின் நடுவுக்குப் போய், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். இப்போது அவளிடம் இரண்டு துவக்குகள். ஒன்று தோளில், ஒன்று கையில். சுகந்தியின் துவக்கை அவள் பிறர் வீட்டுக் குழந்தையை வைத்திருப்பதுபோலச் சங்கடமாக வைத்திருந்தாள்.

"டீச்சர், அவள் வருவாள்தானே?"

அவளும் என்னை டீச்சர் என்றாள். கிட்ட வந்தபோதுதான் கண்டேன், மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. அவளுக்கும் பதினேழுக்கு மேல் இராது.

"வருவாள்" என்றேன்.

வராவிட்டால் எங்களை என்ன செய்வார்கள்? சைக்கிள் என்னுடையது. அவள் என் மாணவி. நாங்கள் வந்த மறுகணம் அவள் போய்விட்டாள். இதில் எதை எப்படி விளங்கப்படுத்துவது? வந்துவிடு பிள்ளை, வந்துவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அதே மூச்சில், ஓடு, திரும்பிப் பார்க்காமல் ஓடு என்றும் இருந்தது. இரண்டும் உண்மை.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வளைவுப் பக்கமிருந்து அல்ல, மலைப் பக்கமிருந்து.

வந்தவள் அவர்களுடைய பொறுப்பாளர். முப்பது வயதிருக்கும். ஒட்டிய கன்னம். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. வண்டியை நிறுத்தாமலே இரண்டு துவக்குகளையும் பார்த்துவிட்டாள்.

"கயல்விழி எங்க?"

சுகந்திக்கு அங்கே அதுதான் பெயர் என்று அப்போதுதான் அறிந்தேன்.

நெட்டையானவள் வளைவுப் பக்கம் கையைக் காட்டினாள். நவம் சொன்னார்: "சைக்கிள் ஓடிப் பாக்க ஆசையா இரிக்கு எண்டு கேட்டா. குடுத்த நாங்க. இப்ப வந்திருவா."

"நீங்க ஆரு?"

"நாங்க களுவாஞ்சிகுடி. இவ டீச்சர்."

"எதுக்கு வந்த?"

நான் நவத்தின் முகத்தைப் பார்த்தேன். வேறு ஏதாவது சொல்லுங்கள், நேர்த்திக்கடன் என்று சொல்லுங்கள், மாடு தேடி வந்தோம் என்று சொல்லுங்கள் என்று கண்ணால் மன்றாடினேன். அவருக்குப் பொய் வராது.

"சும்மா. மலை பாக்க வந்த நாங்க."

"சும்மா?"

"ஓம்."

"ஆமிக்குள்ளால வந்து, எங்களுக்குள்ளால வந்து, சும்மா மலை பாக்க?" அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஆர் அனுப்பின? அவள்ட தாய்க்காரியா?"

"ஒருத்தரும் அனுப்பயில்ல."

"சைக்கிளை எவடத்த விட்டிற்றுப் போகச் சொன்ன நீங்க? துறையிலயா?"

நவத்தைக் கொட்டிலுக்குள் வரச் சொன்னாள். அவர் தன் சைக்கிளைக் கவனமாக மரத்தில் சாத்திவிட்டு உள்ளே போனார். என்னை மரத்தடியில் இருக்கச் சொன்னார்கள். உள்ளே அவள் கேட்பது கேட்டது, அவர் சொல்வது கேட்கவில்லை. பிறகு அவள் கேட்பதும் நின்றது. கலியாணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு என்ன சொல்வேன், எந்தப் பாதையில் தனியே ஏறுவேன் என்றெல்லாம் மனம் ஓடியது.

நெட்டையானவள் வளைவைப் பார்த்தபடி ஓசையில்லாமல் அழுதாள்.

அப்போது மணிச் சத்தம் கேட்டது.

சேறு

சுகந்தி மெல்ல மெல்ல மிதித்து வந்தாள். முகம் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. இறங்கியதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரலெல்லாம் கறுத்த கிறீஸ்.

"செயின் கழண்டு சிக்கிற்று அக்கா. பூட்டிப் பூட்டிப் பாத்தன். கனநேரம் மெனக்கெட்டுப் போச்சு."

பொறுப்பாளர் கொட்டில் வாசலில் நின்று அவளுடைய கைகளைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைப் பார்க்க நடந்து வந்தாள்.

நான் அதற்கு முன்பே குனிந்துவிட்டேன். பின் மட்கார்டில் கறுத்த சேறு தெறித்திருந்தது. அந்த ரோட்டில் செம்புழுதியைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தச் சேறு வாவிக்கரைச் சேறு. எனக்கு அது தெரியும். அவளுக்கும் தெரிந்துவிடும். செயினைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்துகொண்டு, பாவாடைக் கரையால் அதை அழுத்தித் துடைத்தேன். பெடல் முழங்காலில் இடித்தது.

"பழைய செயின். எனக்கும் கழண்டு கழண்டு போறதான்" என்றேன். நான் வாழ்நாளில் சொன்ன மிகத் தெளிவான பொய் அதுவாகத்தான் இருக்கும்.

பொறுப்பாளர் நின்றாள். என் முகத்தையும் சுகந்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கியது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பிள்ளை திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கலாம். அல்லது அவளுக்கும் எங்கோ ஒரு வீடு இருந்திருக்கலாம்.

"மலை பாத்தது காணும், போதும். வந்த வழியே போங்க" என்றாள். சுகந்தியிடம், "நீ முகாமுக்கு வா" என்றாள்.

நவம் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது, அடி விழவில்லை. சைக்கிளை என்னிடம் தரும்போது சுகந்தி மிகச் சாதாரணமாகச் சொன்னாள்:

"டீச்சர், பின் பிரேக் பிடிக்குதில்ல. இறக்கத்தில பாத்துப் போங்க."

வெல்லாவெளி வரும்வரை நவம் மணியடிக்கவே இல்லை.

நாங்கள் நினைத்துக்கொண்டது

அதன் பிறகு அதைப்பற்றி இரண்டு பேரும் பலமுறை கதைத்தோம். வாவிக்கரை வரை போன பிள்ளை ஏன் திரும்பி வந்தாள்? எங்களுக்கு ஒரே விடைதான் தோன்றியது. எங்களுக்காக. தான் போய்விட்டால் டீச்சரையும் டீச்சரின் கணவரையும் சும்மா விடமாட்டார்கள் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறாள். நவம் இதை நினைத்துச் சாப்பிடாமல் எழும்பிய நாட்கள் உண்டு. பேப்பரில் படுவான்கரையில் சண்டை என்று வந்தால் நான் வாசிக்காமல் மடித்து வைத்துவிடுவேன்.

இரண்டு வருஷம் போனது. கிழக்கில் இயக்கத்துக்குள் உடைவு வந்தது. அந்தக் குழப்பத்தில் பெருந்தொகையான பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தாய்மார் ரோட்டோரங்களில் நின்று, வருகிற உழவு மெசின் பெட்டிகளில் எல்லாம் பிள்ளையைத் தேடினார்கள். சுகந்தி நடந்தே வந்துவிட்டாளாம். அவள் ஊர்ப் பிள்ளையொருத்தி வகுப்பில் என் காதோடு சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமையே நாங்கள் வாவியைக் கடந்தோம். வாவிக்கரையோரம் ஓலை வேலி அடைத்த சின்ன வளவு. தாய் எங்களைக் கண்டதும் அழுதாள், பிறகு பாயை உதறிப் போட்டாள். உள்ளேயிருந்து சுகந்தி வந்தாள். பூப்போட்ட சட்டை. தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள்.

ஏதேதோ கதைத்தோம். இனிப் பள்ளிக்கூடச் சோதனை எடுக்கலாமா என்று கேட்டாள். எடுக்கலாம் என்றேன். தாய் குசினிக்குப் போய் அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

நவத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சுகந்தி, அண்டைக்கு நீ எங்களுக்காகத்தான் கிறுகி வந்த எண்டு எங்களுக்குத் தெரியும். நாங்க அதை..."

அவள் அவரை விளங்காமல் பார்த்தாள்.

"உங்களுக்காகவா சேர்?"

அவள் பொய் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது.

"அந்த நேரம் உங்கட நினைவே எனக்கு வரல்ல சேர். இந்தா, அந்தக் கடப்படி மட்டும் வந்திற்றன்." வேலியில் இருந்த சின்ன வாசலைக் காட்டினாள். "ரோட்டால வந்தா கண்டிருவாங்க எண்டு வாவிக்கரையோரமா உருட்டிக்கிட்டு வந்தன். அம்மா எண்டு கூப்பிட வாயெடுத்தன். தங்கச்சி கிணத்தடியில தண்ணி அள்ளிற்று நிண்டாள். நான் போகக்குள்ள அவள் சின்னப்புள்ள சேர். அண்டைக்குப் பாத்தா என்னளவு வளந்து நிக்கிறாள்."

கொஞ்ச நேரம் பாயின் கோரையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள்தானே கணக்கு. நான் நிண்டிருந்தா அவளைக் கேட்டு வந்திருப்பாங்க. அதான் சைக்கிளைக் கிறுக்கிற்றன். செயினை வழியில நானே கழட்டிப் பூட்டின."

குசினியில் ஊதுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

வாசலில் தங்கச்சி நின்றாள். கையில் தட்டு, தட்டில் எங்களுக்கான தேத்தண்ணிக் கோப்பைகள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியாது. வீட்டில் யாரும் அதைப்பற்றி அவளிடம் சொல்லியிருக்கவில்லை, சொல்ல அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை. கோப்பைகள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துச் சத்தமிட்டன.

அவள் நடந்து வந்தாள். என்னைக் கடந்தாள், நவத்தைக் கடந்தாள். அக்காவுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, தட்டை அவளிடம் நீட்டினாள்.

"மளே, டீச்சருக்கு முதல்ல..." என்று தொடங்கிய தாய், அதை முடிக்கவில்லை.

சுகந்தி ஒரு கோப்பையை எடுத்தாள். அவள் குடித்து முடிக்கும் வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.